இரவில் கேட்ட ஊளை யாருடையது? திருகோணமலையில் காட்டுக் குரல்களைப் பதிந்து இனங்காண ஒரு வழிகாட்டி

கந்தளாய்ப் பக்கத்தில் வயற்காவலுக்குப் போனவரோ, நிலாவெளியில் விடுமுறைக்கு வந்து தங்கிய உறவினரோ நள்ளிரவில் கைத்தொலைபேசியில் பதிந்த ஒலித்துண்டு ஒன்றை அனுப்பி, "இது என்ன மிருகம்?" என்று கேட்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் பத்து வினாடியில் ஆறு வினாடிக்குக் காற்று இரையும். இரண்டு வினாடிக்குப் பதிந்தவரே "கேக்குதா, கேக்குதா" என்று கிசுகிசுப்பார். எஞ்சியதில் தொலைவில் ஓர் ஊளை கேட்கும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் மௌனந்தான் பதில். ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு விலங்கைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற எண்ணமே புதியவர்களை வழிதவறச் செய்கிறது. இடமும் நேரமும் காற்றும் தெரிந்தால் தெளிவில்லாத பதிவையும் ஓரளவு தீர்க்கலாம். அவை தெரியாதபோது மிகத் தெளிவான பதிவும் கைகொடுக்காது. பின்வரும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதற்படி: இங்கே வாழ்பவை எவை என்று தெரிந்துகொள்ளுதல்

பதிவைக் கேட்ட உடனே இணையத்தில் "விலங்கு ஊளை" என்று தேடி, வரும் முதற் காணொளியோடு ஒப்பிடுவது பலரும் செய்யும் தவறு. அந்தத் தேடல் உங்களை வட அமெரிக்காவின் ஓநாயிடமும் ஐரோப்பாவின் செந்நரியிடமும் கொண்டுபோய் விடும். இலங்கையில் ஓநாய் இல்லை, செந்நரி இல்லை, கழுதைப்புலி இல்லை, செந்நாய் இல்லை, வரிப்புலியும் இல்லை. இத்தீவின் காடுகளில் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு ஒன்றே ஒன்றுதான். அது நாம் நரி என்று அழைக்கும் பொன்னிறக் குள்ளநரி. ஆகவே நம் மாவட்டத்தில் பதிந்த நீண்ட ஊளை நாயினத்தினுடையது என்று உறுதியானால், மிஞ்சும் கேள்வி காட்டு நரியா, ஊர் நாயா என்பது மட்டுமே. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வந்தே இருக்காது.

நரியையும் நாயையும் தவிர, ஊளை என்று மயங்கவைக்கும் குரல்கள் இங்கே பல உண்டு. கொட்டியாரக் குடாவின் கரையிலும் களப்போரங்களிலும் இரவில் அழுவதுபோல நீட்டிச் சீழ்க்கையடிப்பது பெரும்பாலும் கண்கிலேடிப் பறவை. குளக்கட்டு மருதமரங்களில் அடித்தொண்டையில் இருந்து முழங்குவது மீன் ஆந்தையாக இருக்கலாம். விடிகாலையில் கிளைக்குக் கிளை தாவியபடி "ஊப், ஊப்" என்று கூவுவது மந்தி. மழைக்காலத்தை ஒட்டி மயில் இரவிலும் அகவும். இடி முழங்கினால் அதற்கும் பதில் கொடுக்கும். காட்டுக்குள் எக்காளத்தை ஒருமுறை ஊதி நிறுத்தியதுபோல் ஒலித்தால், எதையோ கண்டு வெருண்ட மரையை நினைக்கலாம். வாள்கொண்டு மரம் அறுப்பதுபோல ஒரே சீராக வந்து வந்து அடங்கும் கரகரப்பு சிறுத்தையினுடையது. அதை ஊளை என்று எவரும் சொல்லமாட்டார்கள், ஆனால் தொலைவில் கேட்கும்போது "ஏதோ ஒரு மூச்சு" என்று எழுதி அனுப்புவார்கள். மாரிமழை பெய்து வெள்ளம் தேங்கிய முதல் இரவுகளில் மாடு கதறுவதுபோல் ஒலிப்பது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தவளைதான். உடலை ஊதி நீரில் மிதந்தபடி அது கத்துவதை நேரில் பார்க்கும்வரை நானும் நம்பியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒலிமரபு என்று மனனம் செய்தோமே, அதை இங்கே மறக்க வேண்டாம். நரி ஊளையிடும், ஆந்தை அலறும், கூகை குழறும், மயில் அகவும், யானை பிளிறும் என்று நாம் ஒப்புவித்தவை பரீட்சைக்கான சொற்கள் மட்டுமல்ல. இரவில் காதுகொடுத்துக் கேட்டவர்கள் எழுதிவைத்த வகைப்பாடு அது. புதியவர் ஒருவர் பதிவைக் கேட்டுவிட்டு, எந்த விலங்கு என்று யோசிக்குமுன், இது ஊளையா, அலறலா, குழறலா, உறுமலா, அகவலா என்று ஒரு சொல்லைத் தேர்ந்து எழுதினாலே தேடவேண்டிய பரப்பு குறைந்துவிடும். ஊளை நீண்டு வளைவது. குழறல் தாழ்ந்து உருள்வது. அலறல் மேலெழுந்து சட்டென அறுபடுவது. வக்காவும் கூகையும் தம் குரலையே பெயராகப் பெற்றவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பதிவு செய்தல்

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கையிலுள்ள தொலைபேசி போதும். ஆனால் அதைக் கையில் பிடித்திருக்கக் கூடாது. விரல் அசையும் ஒவ்வொரு முறையும் அந்த உரசல் ஊளையைவிட உரத்துப் பதிவாகும். மடித்த துவாய் ஒன்றின்மேல் கருவியை வைத்து, ஒலிவாங்கி இருக்கும் முனையைக் குரல் வரும் திசைக்குத் திருப்பிவிட்டு, நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். காற்றடித்தால் மெல்லிய காலுறை ஒன்றை அதன்மேல் போட்டுவிடலாம். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இரைச்சல் வெகுவாகக் குறையும்.

ஒலிப்பதிவுச் செயலியின் அமைப்புகளில் இரைச்சல் நீக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அது மனிதப் பேச்சுக்காக உருவாக்கப்பட்டது. தொலைதூர ஊளையை இரைச்சல் என்று கருதி அரைவாசியை அழித்துவிடும். கோப்பு வகையைத் தெரிவுசெய்ய முடிந்தால் சுருக்கப்படாத வேவ் வடிவத்தையும், 44,100 அல்லது 48,000 ஹேர்ட்ஸ் மாதிரி வீதத்தையும் தெரிவுசெய்க. வாட்ஸ்அப்பின் குரற்செய்தியாகப் பதிந்து அனுப்புவதை முற்றாகத் தவிருங்கள். அங்கே ஒலி கடுமையாகச் சுருக்கப்படுகிறது. பதிந்த கோப்பை அனுப்பவேண்டியிருந்தால் ஆவணமாக இணைத்து அனுப்பினால் அது மாறாமல் போய்ச்சேரும்.

குரல் நின்றதும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். மேலும் இரண்டு நிமிடமாவது ஓடவிடுங்கள், ஏனெனில் விலங்கு எதற்குப் பதில் கொடுத்தது, அதன்பின் வேறு எது பதில் கொடுத்தது என்பவை பெரும்பாலும் அந்த அமைதிக்குள்தான் இருக்கும். முடிவில் உங்கள் சொந்தக் குரலில் திகதி, நேரம், இடம், குரல் வந்த திசை, காற்றின் நிலை ஆகியவற்றைச் சொல்லி முடியுங்கள். குறிப்பேடு தொலைந்தாலும் கோப்போடு அந்த விபரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இடம் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். திருகோணமலையில் கடற்படை வேலிகளுக்கு அருகே இரவில் கருவியோடு நிற்பதும், ஆளில்லாத பெட்டியொன்றை மரத்தில் கட்டிவிட்டு வருவதும் புத்திசாலித்தனமல்ல. இரவு முழுவதும் பதியும் சிறு கருவியை எங்காவது வைக்க விரும்பினால் காணிக்காரரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் முன்கூட்டியே சொல்லி, பெட்டியின்மேல் உங்கள் பெயரையும் நோக்கத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். குளக்கரைகளில் முதலையும், காட்டோரப் பாதைகளில் யானையும் உண்டு. யானையின் தாழ்ந்த உறுமலில் ஒரு பகுதி 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே, நம் காதுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதைக் கேட்டி பெயின் என்ற ஆய்வாளர் 1984இல் உணர்ந்து வெளிக்கொணர்ந்தார். தொலைபேசியும் அதைச் சரியாகப் பிடிக்காது. எனவே கேட்கக்கூடிய அளவுக்கு அந்த உறுமல் வந்துவிட்டதென்றால் பதிவைப் பற்றி யோசிக்காமல் வந்த வழியே திரும்புவது நல்லது.

மூன்றாம் படி: ஒலி எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்தல்

புதியவர்களுக்கு எவரும் சொல்லித்தராத பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொலைவிலிருந்து வரும் ஒலி, புறப்பட்ட வடிவத்திலேயே வந்துசேர்வதில்லை. உயர்ந்த அதிர்வெண்களைக் காற்றும் இலைகளும் விரைவாக விழுங்கிவிடுகின்றன. தாழ்ந்தவை நெடுந்தூரம் தாங்கும். அருகிலிருந்து கேட்டால் குரைப்பும் சிணுங்கலும் கீச்சொலியும் கலந்த நாய்க் கூட்டத்தின் ஆரவாரம், ஒரு மைலுக்கு அப்பால் மெல்லிய ஒற்றை "ஊ..." என்றாகிவிடும். அந்த மிச்சத்தைத்தான் நாம் அமானுஷ்யம் என்கிறோம். மர்மமான ஊளைகளில் எனக்கு வந்த மிகப் பல, பழக்கமான விலங்கின் குரல் தொலைவில் தேய்ந்து வந்தவையே.

அடுத்து, இரவின் காற்று. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் நிலம் வேகமாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. பகலில் மேல்நோக்கி வளைந்து கலைந்துபோகும் ஒலி, அத்தகைய இரவில் கீழ்நோக்கி வளைந்து நிலத்தோடு ஒட்டியே வரும். களப்பு நீரின் மட்டமான பரப்பில் இது இன்னும் தெளிவு. தம்பலகாமத்து வயல்வெளியில் எங்கோ எழும் குரல் பக்கத்து வேலியில் எழுவதுபோல் கேட்பதற்குக் காரணம் இதுவே; "மிக அருகில் நின்று ஊளையிட்டது" என்று எழுதுமுன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றுவழியும் அப்படித்தான். கச்சான் வீசும் மாதங்களில் உட்காட்டின் ஒலி கரைக்கு வரும். வாடை வீசும் மாதங்களில் அதே குரல் கரையிலுள்ளவருக்குக் கேட்காமலே போகலாம். ஊளை கேட்கவில்லை என்பதால் நரி இடம்பெயர்ந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

தூரத்தை அளக்க ஓர் எளிய வழி உண்டு. இருவர் சில நூறு மீற்றர் இடைவெளியில் நின்று, குரல் கேட்ட கணத்தில் தொலைபேசியின் திசைகாட்டியில் பாகையைக் குறித்து, மறுநாள் வரைபடத்தில் இரண்டு கோடுகளை வரைந்தால் அவை வெட்டும் இடம் ஓரளவு கிடைக்கும். அங்கே இருப்பது வீடா, குளமா, பற்றைக்காடா என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். கோடு ஒரு தண்ணீர்ப் பம்பிக் கொட்டகையில் வெட்டிய அனுபவமும் எனக்குண்டு.

நான்காம் படி: ஒலியைக் கண்ணால் பார்த்தல்

ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலோ, கோர்னெல் பறவையியல் ஆய்வகம் தரும் ரேவன் லைட் மென்பொருளிலோ கோப்பைத் திறந்து ஒலிநிறமாலைக் காட்சிக்கு மாற்றுங்கள். இடமிருந்து வலமாக நேரம் ஓடும்; கீழிருந்து மேலாக அதிர்வெண் உயரும்; உரத்த இடம் பிரகாசமாகத் தெரியும். மூலக்கோப்பின் படியொன்றை வேறிடத்தில் பாதுகாத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். இரைச்சலை நீக்கும் கருவியை உடனே இயக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது விட்டுச்செல்லும் நீர்க்குமிழி போன்ற போலி ஒலிகளை ஒரு புது விலங்கின் குரல் என்று நம்பியவர்கள் இருக்கிறார்கள்.

நிறமாலையில் ஊளை வழுவழுப்பாக வளைந்தேறி இறங்கும் கோடாகத் தெரியும்; அதன்மேல் அதே வளைவில் சம இடைவெளியோடு மேலும் சில கோடுகள் அடுக்கியிருக்கும். அவை ஒரே தொண்டையிலிருந்து வருபவை என்பதால் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். ஒரே நேரத்தில் ஒரு கோடு ஏற, மற்றொன்று இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று வெட்டினால் அங்கே இரண்டு விலங்குகள் உள்ளன. காதுக்குப் பத்து நரிகள் போலக் கேட்ட கூட்ட ஊளையை இப்படி எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் தேறும். குரைப்பு செங்குத்தான கறைபோல் விழும். சிறுத்தையின் அறுப்பொலி தெளிவான கோடே இல்லாத மங்கலான கட்டங்களாக, ஒழுங்கான இடைவெளியில் வரும். ஆந்தையின் முழக்கம் அடியில் குறுகிய தட்டைக் கோடு. தவளை ஒரே துடிப்பை நிமிடக்கணக்காக மாற்றமின்றித் திருப்பிக்கொண்டிருக்கும்.

அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக ஓடும் கோட்டைக் கண்டால் அதை உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் ஓடுவதால் 50, 100, 150 என்ற உயரங்களில் நேர்கோடுகள் தெரிந்தால் அருகில் ஏதோ மின்கருவி முனகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காய்ந்த பனையோலைகள் காற்றில் உரசும் முனகலும் துறைமுகத்துக் கப்பலின் ஊதலும் பலரை ஏமாற்றியிருக்கின்றன.

ஐந்தாம் படி: ஒப்பிடுதல்

இப்போதுதான் பிறருடைய பதிவுகளைத் தேடவேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட சீனோ-கான்டோ என்ற திறந்த ஒலிக்களஞ்சியத்தில் பறவைக் குரல்களை நாடுவாரியாகத் தேடலாம். இலங்கைப் பதிவுகளையே முதலில் கேளுங்கள். ஆனால் அங்குள்ளவை பெரும்பாலும் அருகிலிருந்து எடுத்தவை. உங்களுடையதோ தொலைவிலிருந்து வந்தது. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது. ஒப்பீட்டுப் பதிவை ஓடாசிட்டியில் திறந்து, தாழ்வெண்களை மட்டும் விடும் வடிகட்டியை ஏறத்தாழ 2,000 ஹேர்ட்ஸில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் பொருந்தாத நரியின் ஊளை அப்போது உங்கள் பதிவோடு வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

தொலைபேசியில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளை அளவோடு நம்புங்கள். மெர்லின் செயலியின் ஒலியறியும் வசதி 2021இல் வந்தது, அது பறவைகளுக்கானது. நரியின் ஊளையைக் கொடுத்தால் அதற்குத் தெரிந்தது பறவைகளே என்பதால், பேசாமல் இருக்கும் அல்லது ஒரு பறவையின் பெயரைச் சொல்லும். பேர்ட்நெட்டும் பறவைகளையே முதன்மையாகக் கொண்டது. செயலி காட்டும் பெயர் விசாரணையின் தொடக்கத்துக்கு உதவும். அதையே தீர்ப்பாகப் பகிர்வது சரியல்ல.

நரியையும் நாயையும் பிரிக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். நரிகளின் கூட்ட ஊளை அந்தி மயங்கும் வேளையிலும் விடியலுக்கு முன்னும் அதிகம் கேட்கும். ஒன்று நீட்டித் தொடங்க, மற்றவை ஏறிச் சேர்ந்து, குரல் நடுங்கி உடைந்து குறுங்கீச்சுகளாகி, சிறிது நேரத்தில் எல்லாம் ஒன்றாக அடங்கிவிடும். நாய்களின் ஊளை பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில், இடையிடையே குரைப்போடு, ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குப் பரவி இழுபடும். அம்புலன்ஸ் ஒலிக்கு இரண்டும் பதில் கொடுக்கும் என்பதால் அதைக்கொண்டு பிரிக்க முடியாது. இதற்காகவே, நரி ஊளையை ஒலிபெருக்கியில் போட்டு அவை பதில் தருகின்றனவா என்று சோதிக்கச் சிலர் தூண்டுவார்கள். ஆய்வாளர்கள் முறையான அனுமதியோடு அப்படிச் செய்வதுண்டு. பொழுதுபோக்காக நாம் செய்தால் குட்டிகளோடு இருக்கும் நரிகளைக் கலைப்போம், ஊர் நாய்களை எழுப்புவோம், அயலவரின் நித்திரையையும் கெடுப்போம்.

பார்க்காமல் கேட்டு மட்டும் பெயரிடுவதன் இடருக்கு இலங்கையிலேயே பெயர்பெற்ற உதாரணம் உண்டு. பெண்ணொருத்தி கதறுவதுபோல் இரவுக் காட்டில் ஒலிக்கும் "பேய்ப்பறவை" பற்றி, பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியான தம் நூலிலேயே எழுதியிருக்கிறார். சிங்களத்தில் அதற்கு உலமா என்று பெயர். அதன் சொந்தக்காரர் பக்கி என்ற இரவுப்பறவை என்றும், தேன்பருந்து என்றும், பழுப்புக் காட்டாந்தை என்றும் பின்வந்தவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். வயிற்றில் புள்ளிகளுள்ள பெரிய கொம்பன் ஆந்தையே என்பது இன்று பலரும் ஏற்கும் விடை. பகலில் அடர்காட்டில் ஒளிந்திருந்து இரவில் கத்தும் பறவை ஒன்றுக்குப் பெயர்வைக்க இத்தனை காலம் பிடித்திருக்கிறது. சாக்குருவி என்று நம் வீடுகளில் ஆந்தைக்குப் பழிபோட்டுக் கல்லெறிவதையும் இதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

என்னுடைய தோல்வி இதைவிட எளிமையானது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைப் பக்கமாக, ஒரு முன்னிரவில் கரகரத்து நீண்ட கதறல் ஒன்றைப் பதிந்தேன். வீட்டில் நிறமாலையை விரித்து, வடிகட்டி போட்டு, நரி, ஆந்தை, மந்தி என்று இரண்டு இரவுகள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மாலை அதே வழியில் போனபோது, கோட்டைக்குள் நாம் தினமும் கடந்துபோகும் புள்ளிமான்களில் கொம்புள்ள கலை ஒன்று கழுத்தை நீட்டி, எல்லோருக்கும் முன்னால் அதே கதறலை எழுப்பிக்கொண்டிருந்தது. இணைசேரும் பருவத்தில் ஆண்மான் அப்படிக் கத்தும் என்பது தெரிந்திருந்தும், மானை நான் பட்டியலிலேயே எழுதவில்லை. முதற்படியைத் தவறவிட்டதற்கு இரண்டு இரவுகள் போயின.

ஆறாம் படி: முடிவை எழுதிவைத்தல்

முடிவை எழுதும்போது மூன்று சொற்களுள் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்: விலங்கைக் கண்ணால் கண்டீர்களானால் "உறுதி", குரலும் இடமும் நேரமும் பொருந்தி, வேறு எதுவும் பொருந்தாவிட்டால் "பெரும்பாலும்", இரண்டு பெயர்களுக்கிடையே நின்றால் "ஐயம்", கூடவே அந்த இரண்டு பெயர்களும். கோப்பின் பெயர் திகதி, நேரம், இடம் என்ற வரிசையில் இருந்தால் பின்னர் தேடுவது எளிது.

வயற்காவலில் பரணிலிருந்து பல போகம் கண்ட முதியவர்களிடமும், கரைவாடிகளில் இரவு தங்கும் கடற்றொழிலாளரிடமும் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். போட்டுக் காட்டுமுன் உங்கள் ஊகத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் மரியாதைக்காக ஆமோதித்துவிடுவார்கள். "ஐயா, இது என்னண்டு தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் ஒரு பெயரைச் சொன்னால், எந்த மாதத்தில், எந்த இடத்தில் கேட்பீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் தெரியாத பதிவை அழிக்காதீர்கள். பறவையாக இருக்கலாம் என்று தோன்றினால் சீனோ-கான்டோவில் இனங்காணப்படாதவற்றுக்கென உள்ள பகுதியில் ஏற்றலாம். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளமும் ஒலிக்கோப்புகளை ஏற்கும், அங்கே அழியும் தறுவாயிலுள்ள இனங்களின் துல்லியமான இடம் பொதுப்பார்வைக்கு மறைக்கப்படும். பதிவின் குறிப்பில் "மர்ம ஊளை" என்று எழுதாமல், அந்திக்குப் பிந்தி 40 நிமிடம், குளக்கட்டின் மேற்குப்புறம், காற்றில்லை, மூன்றுமுறை கேட்டது என்று எழுதுங்கள். பிறகு அடுத்த அமாவாசைக்கு முன் காற்றில்லாத ஓர் இரவைப் பார்த்து, அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு, இம்முறை இன்னொருவரையும் திசைகாட்டியோடு அழைத்துக்கொண்டு போங்கள்.